சேனக பிபிலே: குளிசையின் விலையைக் கேள்விக்குட்படுத்திய பேராசிரியர்

செப்டெம்பர் 29ஆம் திகதி பேராசிரியர் சேனக பிபிலேயின் நினைவு தினமாகும். கொழும்பிலும் பேராதனையிலும் மருத்துவ மாணவர்கள், மருந்தாளர்கள், தொழிற்சங்கவாதிகள் ஆகியோர் இந்நாளில் அவரை நினைவுகூருவது வழக்கம். ஆனால் அக்கரப்பத்தனை போன்ற மலையகத்தின் ஓரத்திலுள்ள ஊர்களில் அவரது பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. சில காலத்துக்கு முன்னர் அங்கு சென்றிருந்த வேளையில் நாம் கண்ட ஒரு சிறு காட்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கொழுந்து பறிக்கும் வயதான பெண்மணி ஒருவர், கையில் மருந்துச் சீட்டுடன் கடைவீதியிலுள்ள மருந்துக் கடையொன்றின் முன் நின்றுகொண்டிருந்தார். சீட்டில் எழுதப்பட்டிருந்த வர்த்தகப் பெயருடைய குளிசையின் விலையைக் கேட்டதும் அவர் பத்து நாள் மருந்தை நான்கு நாளுக்காகக் குறைத்து வாங்கிக்கொண்டார். அதே மருந்து வேறொரு பெயரில், அதில் பாதிக்கும் குறைந்த விலையில், அதே அலுமாரியின் மேற்தட்டில் இருந்தது. அதைக் கேட்டுப் பெறலாம் என்பதை அந்த அம்மாவுக்கு எவரும் கூறவில்லை. கடைக்காரரைக் குறைகூறுவது எமது நோக்கமல்ல. அவருக்குச் சீட்டில் உள்ளதைக் கொடுப்பதே தொழில். ஆனால் அந்த இரண்டு தட்டுகளுக்கும் இடையிலான தூரத்தை அளந்து, அதற்கான காரணத்தைக் கண்டறிந்து, அதை ஒழிக்க ஓர் அரச கூட்டுத்தாபனத்தையே கட்டியெழுப்பிய மனிதர் ஒருவர் இந்நாட்டில் வாழ்ந்தார் என்பதை அவ்வேளையில் நினைக்காமலிருக்க முடியவில்லை.

சேனக பிபிலே 1920ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் திகதி பிறந்தார். ஊவா மாகாணத்தின் பிபிலைப் பகுதியில் செல்வாக்குப் பெற்றிருந்த ரட்டே மஹாத்மயா குடும்பமொன்றைச் சேர்ந்தவர். கண்டி திரித்துவக் கல்லூரியில் கற்று, கொழும்பு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, முதல் வகுப்பில் சித்தியடைந்து, பதக்கங்களையும் பெற்றார். இத்தகைய பின்னணியைக் கொண்ட ஒருவர் அன்றைய வழக்கப்படி கொழும்பில் தனியார் மருத்துவம் செய்து பெரும் பொருளீட்டியிருக்கலாம். அவரோ நோயாளர் அறையைவிட ஆய்வுகூடத்தையும் விரிவுரை மண்டபத்தையுமே தெரிவு செய்தார். இலங்கையின் முதல் இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியுடன் இளமையிலேயே இணைந்துகொண்டார். அக்கட்சியுடனான தொடர்பு அவரது வாழ்வின் இறுதிவரை நீடித்தது.

1940களின் இறுதியில் மருந்தியலில் உயர்கல்வி பெறுவதற்காக எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கு அக்காலத்தில் மருந்தியல் உலகில் புகழ்பெற்றிருந்த ஜோன் காடம் என்பவரின் துறையில் ஆய்வு செய்து கலாநிதிப் பட்டத்துடன் திரும்பினார். 1958இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியல் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். பின்னர் பேராதனையில் மருத்துவ பீடம் வளர்ந்த காலத்தில் அதன் பீடாதிபதியாகவும் பணியாற்றினார். மருத்துவ மாணவருக்கு எப்படிக் கற்பிப்பது, எப்படிப் பரீட்சிப்பது என்பவற்றையும் ஆராயத்தக்க துறைகளாகக் கருதி, மருத்துவக் கல்வியில் அவர் ஆற்றிய பணி தனியாக எழுதப்பட வேண்டியது. இங்கு அதற்கு இடமில்லை.

மருந்தியல் பேராசிரியர் ஒருவர் எவ்வாறு பொருளியலுக்குள் வந்தார் என்பதே எமக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு மருந்து உடலில் என்ன செய்கிறது என்பதைக் கற்பிப்பவர், அம்மருந்துக்கு இரண்டு பெயர்கள் இருப்பதை முதல் நாளே மாணவருக்குக் கூற வேண்டியிருக்கிறது. ஒன்று விஞ்ஞானிகள் வைத்த பொதுப்பெயர். மற்றையது கம்பனி வைத்த வர்த்தகப் பெயர். உடலுக்குள் சென்ற பின்னர் இரண்டும் ஒன்றே. கடையில் மட்டும் அவை இரண்டாகின்றன. அப்படியானால் விலை வித்தியாசம் எதற்கு? பிபிலே இக்கேள்வியை விரிவுரை மண்டபத்தோடு விட்டுவிடவில்லை.

சந்தை பற்றிப் பேசுவோர், வாங்குபவன் விலையையும் தரத்தையும் ஒப்பிட்டுத் தெரிவு செய்கிறான் என்று கூறுவர். அரிசிக்கும் சீத்தைத் துணிக்கும் அது ஓரளவு பொருந்தலாம். மருந்துக்கோ அது சிறிதும் பொருந்தாது. மருந்தைத் தெரிவு செய்பவர் டொக்டர். அதை விழுங்குபவர் நோயாளி. பணம் கொடுப்பது நோயாளியின் குடும்பம் அல்லது அரசாங்கம். டொக்டருக்குப் புதிய மருந்துகள் பற்றிய தகவலைக் கொண்டுவருவதோ கம்பனியின் விற்பனைப் பிரதிநிதி. ஆக, தெரிவு செய்பவர் விலை கொடுப்பதில்லை. விலை கொடுப்பவருக்குத் தெரிவு இல்லை. இந்த இடைவெளியில்தான் வர்த்தகப் பெயரின் இலாபம் வளர்கிறது. இன்று சுகாதாரப் பொருளியல் பாடநூல்களில் முதல் அத்தியாயத்திலேயே வரும் இவ்விடயம், அன்று எமது நாட்டில் சுகாதார நிர்வாகிகளின் கவனத்துக்கு வராதிருந்தது.

1950களின் பிற்பகுதியிலிருந்தே அரச வைத்தியசாலைகளுக்கான மருந்துக் கையேட்டைத் தயாரிக்கும் பணியில் அவர் ஈடுபட்டார். வைத்தியசாலைகளுக்குத் தேவையான மருந்துகள் எவை, ஒரே வேலையைச் செய்யும் பத்து மருந்துகளில் எதை வைத்துக்கொண்டால் போதும் என நிபுணர் குழு ஒன்று தீர்மானித்து, பொதுப்பெயரில் பட்டியலிட்டு, அவற்றை மட்டுமே வாங்குவது என்பதே திட்டம். மருத்துவர்களுக்குப் பக்கச்சார்பற்ற தகவலை வழங்கும் வெளியீடுகளும் அவரது முயற்சியால் வந்தன. அரச துறையில் இது நல்ல பயனளித்தது. எனினும் நாட்டின் மருந்து இறக்குமதியில் பெரும் பங்கு தனியார் கையில் இருந்ததால், அங்கே எந்தக் கட்டுப்பாடும் செல்லுபடியாகவில்லை.

1970இல் ஐக்கிய முன்னணி அரசாங்கம் பதவிக்கு வந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடி கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த காலம் அது. இடதுசாரித் தலைவரான டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து பிபிலே 1971இல் ஓர் அறிக்கையைச் சமர்ப்பித்தார். நாட்டுக்குத் தேவையான மருந்துகள் அனைத்தையும் ஓர் அரச நிறுவனம் ஒரே இடத்திலிருந்து, உலகெங்கும் கேள்விப்பத்திரம் கோரி, பொதுப்பெயரில் மொத்தமாக வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, பிபிலே அதன் முதல் தலைவரானார்.

இங்கே நாம் அக்கரப்பத்தனைக்குத் திரும்ப வேண்டியுள்ளது. அந்நியச் செலாவணி என்ற சொல்லைக் கொழும்பில் பேசுவோர் அதை ஏதோ மத்திய வங்கியின் பெட்டகத்தில் விளைவது போலப் பேசுவதுண்டு. 1970ஆம் ஆண்டளவில் இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கும் மேற்பட்டதை ஈட்டியது தேயிலை. டயகமவிலும் ஹோல்புரூக்கிலும் டொரிங்டனிலும் அட்டை கடிக்க, பனியில் நனைந்த சேலையோடு மலையேறிய பெண்களின் விரல்களிலிருந்தே அது வந்தது. உலகச் சந்தையில் தேயிலை விலை ஆண்டுக்காண்டு சரிந்துகொண்டிருக்க, மருந்தின் விலை ஏறிக்கொண்டிருந்தது. அப்படியாயின் வெளிநாட்டுக் கம்பனிக்குத் தேவைக்கு மேலாகக் கொடுக்கப்பட்ட ஒவ்வொரு ரூபாவும் அப்பெண்கள் மேலதிகமாகப் பறித்த கொழுந்தாகும். பிபிலே தமது கணக்கை இவ்வாறு எழுதியதாக நாம் கூறவரவில்லை. அவர் போட்ட கணக்கு டொலரிலும் பவுணிலும் இருந்தது. அதைக் கொழுந்துக் கூடையில் மாற்றிப் பார்ப்பது எமது வேலை.

கூட்டுத்தாபனத்தின் வேலை படிப்படியாக நடந்தது. முதலில் தேசிய மருந்துக் குழு, நாட்டில் விற்கப்பட்ட ஏறத்தாழ 2,100 மருந்து வகைகளை ஆராய்ந்து அவற்றை ஏறத்தாழ 600ஆகக் குறைத்தது. ஒரே மருந்தின் பல பெயர்கள், பயனற்ற கலவைகள், ஆபத்து அதிகமானவை ஆகியன நீக்கப்பட்டன. அடுத்து, 1972இலிருந்து கட்டங்கட்டமாக இறக்குமதி கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. உலகம் முழுவதிலுமிருந்து விலை கோரியபோது, அதே தரத்திலான மருந்துகள் பலவற்றை முன்னர் கொடுத்த விலையில் ஒரு பகுதிக்கே பெற முடிந்தது. பின்னர், உள்நாட்டில் குளிசை அடிக்கும் கம்பனிகளுக்கான மூலப்பொருட்களையும் கூட்டுத்தாபனமே வாங்கிக் கொடுக்கத் தொடங்கியது.

இந்தக் கடைசிப் படியில்தான் உண்மையான மோதல் வெடித்தது. அதன் சூட்சுமத்தை வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. பன்னாட்டுக் கம்பனியின் இலங்கைக் கிளை, தனது மூலப்பொருளைத் தனது தாய்க் கம்பனியிடமிருந்தே வாங்கும். விலையைத் தாய்க் கம்பனி தீர்மானிக்கும். சந்தையில் பத்து ரூபாவுக்குக் கிடைப்பதைக் கிளைக்கு நூறு ரூபாவுக்கு விற்றால், கிளையின் கணக்கில் இலாபம் இல்லை. வருமான வரியும் இல்லை. இலாபம் முழுவதும் மூலப்பொருளின் விலை என்ற வேடத்தில் நாட்டைவிட்டு வெளியேறிவிடும். பொருளியலாளர்கள் இதனை உள்மாற்று விலை என்பர். மூலப்பொருளைக் கூட்டுத்தாபனம் வெளியே மலிவாக வாங்கிக் கொடுத்ததும் அந்த வாசல் அடைபட்டது.

அமெரிக்க மருந்து உற்பத்தியாளர் சங்கத்தின் தலைமையிலிருந்து பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவுக்கே கடிதம் வந்தது. தரம் கெட்டுவிடும், ஆய்வு நின்றுவிடும் என்றெல்லாம் எச்சரிக்கப்பட்டது. உள்நாட்டு மருத்துவர்களில் ஒரு சாராரும் தமது எழுதுகோலில் அரசு கைவைப்பதாகக் குறைப்பட்டனர். 1974இல் வாந்திபேதி பரவிய வேளையில் டெட்ராசைக்கிளின் மருந்து அவசரமாகத் தேவைப்பட்டது. கூட்டுத்தாபனம் ஜேர்மனியின் ஹெக்ஸ்ட் கம்பனியிடமிருந்து வாங்கிய மூலப்பொருளைக் கொண்டு மருந்தைத் தயாரித்துத் தருமாறு இலங்கையில் உற்பத்தி வசதி வைத்திருந்த ஃபைசர் நிறுவனத்திடம் கோரப்பட்டது. அந்நிறுவனம் அதற்கு உடன்படவில்லை. தொழிற்சாலையை அரசுடைமையாக்கும் யோசனை எழுந்தபோது, அமெரிக்கத் தூதுவர் நேரடியாகப் பிரதமரிடம் தலையிட்டார். யோசனை கைவிடப்பட்டது. மருந்து அதிக செலவில் விமானம் மூலம் தருவிக்கப்பட்டது. இச்சம்பவத்தைப் பிபிலேயே பின்னர் ஆய்வுக் கட்டுரையில் பதிவுசெய்துள்ளார். ஒக்ஸ்ஃபோர்ட் பொருளியலாளர் சஞ்சய லாலுடன் இணைந்து அவர் எழுதிய அக்கட்டுரை 1977இல் வெளியானது. ஒரு சிறிய நாடு பன்னாட்டு மருந்துக் கம்பனிகளைக் கட்டுப்படுத்த முயன்றதன் வெற்றியையும் தோல்வியையும் எழுதியுள்ள அக்கட்டுரை, இன்றும் சுகாதாரப் பொருளியல் மாணவர்களால் வாசிக்கப்படுகிறது.

பிபிலேயைப் போற்றும் கட்டுரைகள் பெரும்பாலும் இத்துடன் அவரது மரணத்துக்குச் சென்றுவிடும். மலையகத்திலிருந்து பார்க்கும் நாம் அவ்வாறு கடந்துசெல்ல முடியாது. மருந்துச் சீர்திருத்தம் உச்சத்தில் இருந்த அதே 1973, 1974ஆம் ஆண்டுகளில்தான் தோட்டங்களில் பட்டினி தாண்டவமாடியது. அரிசிப் பங்கீடு குறைக்கப்பட்டது. மா விலை ஏறியது. வேலை நாட்கள் குறைந்தன. பயிரிட ஒரு துண்டு நிலமும் இல்லாத தொழிலாளரின் மரண வீதம் அவ்வாண்டுகளில் செங்குத்தாக உயர்ந்தது. பிச்சைப் பாத்திரத்துடன் நகரங்களுக்கு இறங்கியோரின் கதைகளைச் சொல்லும் முதியோர் இன்றும் மலையகத்தில் இருக்கின்றனர். குளிசையின் விலையைக் குறைத்த அதே அரசாங்கத்தின் கீழேயே இது நடந்தது. வயிற்றுக்கு ரொட்டியில்லாதவருக்கு மலிவான டெட்ராசைக்கிளினால் ஆவது சொற்பம்.

மேலும், அக்காலத் தோட்ட மக்கள் தேசிய சுகாதார சேவையின் முழு உறுப்பினராகவே இருக்கவில்லை. 1872இலிருந்து இயற்றப்பட்ட சட்டங்களின்படி தோட்டத் தொழிலாளரின் மருத்துவம் துரைமாரின் பொறுப்பில் விடப்பட்டிருந்தது. 1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டு நாடெங்கும் இலவச மருத்துவம் வந்தபோதும், 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டிருந்த இம்மக்களுக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியே முதற்கதியாக இருந்தது. வீட்டிலிருந்து கொண்டுசெல்லும் போத்தலில் ஊற்றித் தரப்படும் தண்ணி மருந்தும், காகிதத்தில் சுற்றிய சில குளிசைகளுமே வைத்தியம். நோய் முற்றினால் கம்பளியில் சுற்றி, கொழுந்து லொறியில் ஏற்றி, லிந்துலைக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டுசெல்வர். எந்த மருந்து, எவ்வளவு வாங்குவது என்பதைத் தோட்ட நிர்வாகத்தின் செலவுக் கணக்கே தீர்மானித்தது. பிபிலேயின் பட்டியல் அங்கே எட்டியது குறைவு. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையான பின்னரும், 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்ற பின்னரும் இந்த இரட்டை முறை தொடர்ந்தது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1990களில் ஆரம்பமாகி இன்னும் முழுமை பெறவில்லை.

இதற்காகப் பிபிலேயைக் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. அவரது அதிகாரம் மருந்தின் இறக்குமதியோடு முடிந்தது. ஆயினும் விலையைக் குறைப்பது வேறு, குறைந்த விலையை மலையுச்சி லயத்துக்குக் கொண்டுசேர்ப்பது வேறு என்ற உண்மையை அவரது வாழ்க்கை வரலாற்றோடு சேர்த்தே படிக்க வேண்டியுள்ளது. கூட்டுத்தாபனம் ஆரம்பித்த ஒசுசல மருந்தகங்கள் நகரவாசிகளுக்குப் பெரும் உதவியாயின. தோட்டத்திலிருந்து நகருக்கு வர ஒரு நாள் சம்பளத்தையும் பஸ் கட்டணத்தையும் இழக்க வேண்டியவருக்கு அந்தச் சேமிப்பு எவ்வளவு மிஞ்சியது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. கூட்டுத்தாபனத்தின் மருந்துகளில் தரக் குறைபாடு, தட்டுப்பாடு பற்றிய முறைப்பாடுகள் இருந்ததும் உண்மையே. அவற்றில் சில கம்பனிகளின் பிரசாரம், சில உண்மை.

1975 செப்டெம்பரில் சமசமாஜக் கட்சி அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. பிபிலேயின் திட்டத்துக்குக் கிடைத்திருந்த அரசியல் ஆதரவும் அத்துடன் தளர்ந்தது. ஆனால் உள்நாட்டில் கதவு மூடப்பட்ட வேளையில் வெளியுலகம் அவரை அழைத்தது. 1976 ஆகஸ்டில் கொழும்பில் நடைபெற்ற அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு, மருந்து விடயத்தில் வளர்முக நாடுகள் ஒத்துழைக்க வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றியது. இலங்கையின் அனுபவமே அதற்கு அடிப்படையாக அமைந்தது. ஐக்கிய நாடுகளின் வர்த்தக, அபிவிருத்தி மாநாட்டு அமைப்பான அங்டாட் அவரது சேவையைப் பெற்று, ஏனைய வறிய நாடுகளுக்கு இத்தகைய கொள்கையை வகுத்துக் கொடுக்குமாறு பணித்தது.

அந்தப் பணிக்காகவே தென்னமெரிக்காவின் கயானாவுக்குச் சென்றிருந்தார். கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியர்களின், அவர்களுள் தமிழர்களும் முஸ்லிம்களும் அடங்குவர், வழித்தோன்றல்கள் பெருந்தொகையாக வாழும் நாடு அது. மலையக வாசகருக்கு அந்நாட்டின் வரலாற்றை விளக்க வேண்டியதில்லை. அங்கே 1977 செப்டெம்பர் 29ஆம் திகதி, தமது 57ஆவது வயதில் பிபிலே காலமானார். மாரடைப்பு எனக் கூறப்பட்டது. அவரது நண்பர்கள் பலர் அதை நம்பவில்லை. சந்தேகம் இன்றுவரை பேசப்படுகிறது. ஆனால் அதை நிரூபிக்கும் சான்று எதுவும் வெளிவரவில்லை. மரணத்தின் மர்மத்தில் காட்டும் ஆர்வத்தில் ஒரு பங்கையேனும் அவரது கணக்குகளில் காட்டியிருந்தால் நாட்டுக்கு நன்மையாக இருந்திருக்கும் என்பது எமது அபிப்பிராயம்.

அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் ஏறத்தாழ 200 மருந்துகளைக் கொண்ட தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. பிபிலே இருபதாண்டுகளாக வாதிட்டுவந்த அதே கொள்கைதான் அது. 1982இல் பங்களாதேஷ், டொக்டர் ஸபருல்லாஹ் சௌத்ரி போன்றோரின் முயற்சியால் தேவையற்ற மருந்துகளைத் தடைசெய்து தனது தேசிய மருந்துக் கொள்கையை அறிவித்தது. இன்று அந்நாடு தனக்குத் தேவையான மருந்துகளில் மிகப் பெரும்பகுதியைத் தானே உற்பத்தி செய்கிறது. தமிழ்நாட்டில் 1994இல் நிறுவப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம், பொதுப்பெயரில் மொத்தமாக வாங்கி அரச வைத்தியசாலைகளுக்கு விநியோகிக்கும் முறையால் இந்தியாவின் ஏனைய மாநிலங்களுக்கு முன்மாதிரியாயிற்று. இலங்கையிலோ 1977இன் பின்னர் வந்த திறந்த பொருளாதாரத்தில் கூட்டுத்தாபனத்தின் ஏகபோகம் நீக்கப்பட்டு, வர்த்தகப் பெயர்கள் மீண்டும் பெருகின. அவர் விரும்பிய உள்நாட்டு உற்பத்திக்கென ஜப்பானிய உதவியுடன் இரத்மலானையில் அரச தொழிற்சாலை 1987இல் இயங்கத் தொடங்கியது. தேசிய மருந்துக் கொள்கையைச் சட்டமாக்குவோம் என்று ஒவ்வொரு தேர்தலிலும் கூறப்பட்டு, 2015இலேயே தேசிய ஔடத ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு 48 மருந்துகளுக்கு உச்ச விலை நிர்ணயிக்கப்பட்டது.

2022 மார்ச் மாத இறுதியில், அவர் பீடாதிபதியாக இருந்த பேராதனையின் போதனா வைத்தியசாலையில், மருந்து இல்லாமையால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. நாட்டிடம் டொலர் இருக்கவில்லை. 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் கொள்வனவு அம்பலமாகி, 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சர் கைதுசெய்யப்பட்டார். வழக்கு நீதிமன்றத்துக்கு உரியது. நாம் அதில் கருத்துக் கூறப்போவதில்லை. வாங்குவதற்கு முன் உலகெங்கும் விலை கேள், வாங்கியதைப் பரிசோதி என்ற இரண்டு விதிகளையும் 1971ஆம் ஆண்டிலேயே ஒருவர் எழுத்தில் வைத்துவிட்டுச் சென்றார் என்பதை மட்டும் குறிப்பிடுகிறோம்.

அக்கரப்பத்தனையில் நாம் கண்ட அந்த அம்மாவிடம், மேற்தட்டிலிருந்த மலிவான குளிசையும் அதே மருந்துதான் என்று கடைக்காரரே பிறகு விளக்கினார். அவர் சீட்டையும் குளிசையையும் மாறி மாறிப் பார்த்தார். டொக்டர் எழுதியது இதுவல்லவே எனத் தயங்கினார். கடைசியில் நான்கு நாள் மருந்தையே மடியில் முடிந்துகொண்டு, டயகம பஸ்ஸுக்காக நடந்தார்.